பச்சையாக ஒரு புளிப்பு

மார்ச் 3

இன்றும் சமையலறைக் கதவைச் சாத்தி வைத்தாயிற்று. வெங்காயம் வதங்கினால் என் மனைவி குமட்டிக்கொண்டு ஓடுகிறாள். சோறு கொதித்தால் ஓடுகிறாள். காலையில் என் சவர சோப்புக்கும் ஓடினாள். பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள், குறுக்கே வரும் லாரிக்காரனை ஒரு முறைப்பில் ஓரம் கட்டுகிறவள், ஒரு வெங்காயத்துக்குப் பயந்து குளியலறையில் உட்கார்ந்திருக்கிறாள். பாவம் டிரைவரம்மா.

கர்ப்பமாகி ஏழு வாரமும் ஐந்து நாளும். பணிமனையில் மட்டும் சொல்லி, ஸ்டியரிங்கிலிருந்து ஆபீஸ் மேஜைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். வேறு யாருக்கும் தெரியாது. நாலு மாதம் முடிகிற வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். முன்பு இரண்டு முறை அவசரப்பட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு — வேண்டாம். அதை எழுதப்போவதில்லை.

அதனால்தான் இந்த நோட்டு. எங்காவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"புளிப்பா ஏதாச்சும்."

"எலுமிச்சை?"

"அது கத்துது."

"புளி?"

"கனமா இருக்கு."

"வினிகர்?"

"அந்தப் பக்கம் போ."

சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "பச்சையா ஒரு புளிப்பு. இலை மாதிரி."

இலை மாதிரிப் புளிப்புக்கு நான் எங்கே போவேன்? நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, கப்பி, கிரீஸ் கேட்டால் கொண்டுவருவேன்.

மார்ச் 5

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

ஒன்பது மாடிக் குடியிருப்பில் மாதாந்திரப் பராமரிப்பு. கூட வேலை செய்கிற ஸ்பானர் அண்ணன் கீழே லிஃப்ட் குழிக்குள் இறங்கினார், நான் மொட்டைமாடியில் மோட்டார் அறைக்கு ஏறினேன். (இருபது வருடமாக ஒரே ஸ்பானரைச் சட்டைப்பையில் சுமப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.) பிரேக் பார்த்து, கயிற்றில் பிசிறு பார்த்து, வெளியே வந்து வியர்வையைத் துடைக்கிறேன். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிற மூலையில், யாரோ கைவிட்ட உடைந்த பூச்சட்டிகளில், பச்சைப் பசேலென்று ஒரு கூட்டம். மூன்று மூன்றாக இலை. ஒவ்வொன்றும் குட்டி இதயம். பள்ளி மைதானத்தில் இதைப் பிடுங்கி மென்றிருக்கிறோம்! ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன்.

பல் கூசிற்று. காது வரை கூசிற்று. புளிப்பு. இலையின் புளிப்பு!

பின்னால் காவலாளி வந்து நிற்கிறார். "என்ன சார், புல்லு மேயறீங்க?"

"டெஸ்ட் பண்றேன்." வாயில் வந்த முதல் பொய்.

"லிஃப்டுக்கா?"

"லிஃப்டுக்குத்தான்."

அவர் என்னை நம்பவில்லை. எனக்கென்ன? கருவிப்பெட்டியைக் காலி செய்து இலையை நிரப்பினேன். ஒன்பதாவது மாடியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து ஒன்பதுக்கு, மறுபடி தரைக்கு — சோதனை ஓட்டம் என்ற பெயரில் தனியாக, பாடிக்கொண்டே. கதவு திறந்ததும் எதிரே ஸ்பானர் அண்ணன். கையில் ஸ்க்ரூ டிரைவர்களைக் குப்பையாக அள்ளி வைத்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியில் பிதுங்கிய இலையையும் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். நல்ல மனுஷன்.

சாயங்காலம் அவள் ஒரு இலை தின்றாள். இன்னொரு இலை. பிறகு கிண்ணத்தையே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாளியோடு தயாராக நின்றேன். பத்து நிமிடம். இருபது. வாளிக்கு வேலையில்லை.

"நாளைக்கும் கொண்டா" என்றாள்.

மார்ச் 9

டிரைவரம்மாவும் நானும் இலைப் பையோடு டாக்டரம்மாவிடம் போனோம். மேஜையில் கொட்டினேன்.

"என்ன இது?"

"இலை, டாக்டர்."

"அது தெரியுது. பேரு?"

"பள்ளிக்கூடத்துல சும்மா புளிப்பு இலைன்னு சொல்வோம்."

"பேரு தெரியாததைப் பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்திருக்கீங்க." என் காது சூடாகிற்று. டிரைவரம்மா என்னைக் காப்பாற்றவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, காம்பைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். "புளியாரை. மாடியில புறா உண்டா?"

"நிறைய."

"நல்லாப் போச்சு போங்க. இனிமே பச்சையாக் கூடாது. நாலு தண்ணியில கழுவி, வேக வெச்சுக் குடுங்க. ஒரு கைப்பிடி போதும், தினம் வேண்டாம். பேரு தெரியாத செடி, காளான் — ரெண்டும் உங்க வாசப்படி ஏறக் கூடாது. புரிஞ்சுதா?"

தலையை எத்தனை முறை ஆட்டினேனோ. கிளம்பும்போது பையை எடுக்கக் கை நீட்டினேன்.

"அது இருக்கட்டும்" என்றார், ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மார்ச் 10

நான் சமைத்தேன். எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தொரு வயதில், முதல் முறையாக.

அவள் பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் அடுப்படியில். நடுவில் போன்.

"முட்டையை உடைச்சாச்சா?"

"உடைச்சாச்சு. ஓடும் கொஞ்சம் விழுந்திருக்கு."

"எடு. அடுப்பைக் குறை."

"குறைச்சுட்டேன்."

"இல்ல, நீ ஹைவேல போறே, எனக்குக் கேக்குது. ரெண்டாவது கியருக்கு வா."

கழுவிய இலையைப் போட்டதும் அந்தப் பச்சை நிறம் போயே போச்சு. பழைய காக்கிச் சட்டை நிறம். அழுகை வராத குறை. ஆனால் வாயில் வைத்தால் — புளிப்பு அங்கேயே இருக்கிறது! நிறம் மட்டும்தான் ஓடிப்போயிருக்கிறது.

முட்டை ரப்பர்தான். இருந்தாலும் இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம். இரண்டு பேர் என்ன, இரண்டரைப் பேர்.

மார்ச் 22

இந்த ஊரின் மொட்டைமாடிச் சாவிகளில் பாதி என் இடுப்பில் தொங்குகிறது. பதினாறு வருடமாக ஏறி இறங்குகிறேன், ஒரு நாளாவது தரையைப் பார்த்தேனா? இன்று வங்கிக் கட்டிடத்து மாடியில், ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில், பருப்புக்கீரை. தரையோடு படுத்துக்கொண்டு, சிவப்புத் தண்டும் குண்டு குண்டு இலையுமாக. தண்டை உடைத்தேன் — பால் வந்தால் அது வேறு செடி, கிட்டே போகக்கூடாது. பால் இல்லை. படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். "ம்" என்று பதில் வந்த பிறகுதான் பறித்தேன்.

உருளைக்கிழங்கோடு வேகவைத்துக் கடைந்து சூப். கூழ் போலத்தான் வந்தது. அவள் கரண்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தாள், நின்றது. ஆனாலும் குடித்தாள்.

மார்ச் 30

மூன்று வேளையும் தங்கிற்று. மூன்று வேளையும்!

ஏப்ரல் 6

அக்காவிடம் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். வெங்காயம் எப்போது வெந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கப் போன் பண்ணினேன் — (ஆமாம், வெங்காயத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது!) — உடனே குரல் மாறிற்று.

"நீ எதுக்குடா சமைக்கிறே? அவ எங்க?"

"பால்கனியில."

"நீ உள்ள, அவ வெளிய. பேசிக்கிறதில்லையா ரெண்டு பேரும்?"

"போன்ல பேசிக்கிறோம்க்கா."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு. சொல்லியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 8

சமாதானம் செய்துவைக்க அக்கா வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்: "இருபது வருஷம் ஒருத்தரோட குடித்தனம் பண்ணினா சலிக்கத்தான் செய்யும்..." எங்களுக்கு ஒன்பது வருடம்தான் ஆகிறது. இருவரும் சோபாவில் குற்றவாளிகள் போல உட்கார்ந்து கேட்டோம். டிரைவரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அக்கா அதை அழுகை என்று நினைத்து என்னை இன்னும் திட்டினாள்.

போகும்போது என் காதில், "ஒரு தடவை வெளியூர் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா."

மே 1

இன்று சொன்னோம்.

அக்கா கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து முகம் கழுவி, அடுப்பில் இருந்த என் சூப்பை ஒரு கரண்டி ருசி பார்த்து, "உப்பு" என்றாள். கூடவா குறைவா என்று சொல்லவில்லை.

வேலையிடத்தில் ஸ்பானர் அண்ணனிடம் சொன்னேன். "அதான பாத்தேன்! நான் உன் வீட்டுல அரிசி தீந்துபோச்சோன்னு நினைச்சேன்" என்றார். இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டில் எனக்குப் பாதி ஒதுக்கியது அதற்காகத்தானா!

மே 11

மல்பெரி!! பழைய குடியிருப்பு ஒன்றில் இரண்டாவது மாடி வரை வளர்ந்த மரம், கிளை முழுக்கத் தளத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டேன். "ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்டுத் துணியெல்லாம் பூராக் கறை. அந்த மரத்தையே எடுத்துட்டுப் போனாலும் சரி." இரண்டு ஹெல்மெட் நிறைய.

ஜாம் காய்ச்சினோம். இப்போது அவளும் அடுப்படிக்குள் வருகிறாள். சர்க்கரை குறைவு, கிண்டல் அதிகம். பாதி பழம் அடுப்புக்குப் போகும் முன்பே காலி. கை, வாய், நாக்கு, என் பனியன் — எல்லாம் ஊதா. கதவைத் தட்டிய கூரியர்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

உள்ளே குட்டிப் பயல் — அல்லது பெண் — மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியதாக இவள் சொல்கிறாள். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்கவும் மனமில்லை.

மே 21

நேற்று மதியம் ரத்தம்.

ஆஸ்பத்திரி. நான் வேலை உடையோடு, கையில் கிரீஸோடு. என்னாலதான். நான்தான் கண்ட மாடியில கண்டதையும் பறிச்சுட்டு வந்து போட்டேன். கீரையா? மல்பெரியா? சரியாக் கழுவினேனா, இல்லையா? அன்னிக்கு மூணு தண்ணிதான் கழுவினேனோ? எனக்கு என்ன தெரியும் — நான் யாரு — ஒரு மெக்கானிக்கு — புல்லு பறிச்சு விளையாடிட்டு இருந்தேன்.

மே 22

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இலையும் பழமும் ஒண்ணும் பண்ணல. நஞ்சுக்கொடி ரொம்பக் கீழ, கர்ப்பப்பை வாய்கிட்ட ஒட்டியிருக்கு. அதான் ரத்தம். குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு, கேட்டீங்கள்ல?"

கேட்டேன். குதிரை ஓடுகிற மாதிரி.

ஓய்வு. பாரம் தூக்கக்கூடாது, அதிகம் நடக்கக்கூடாது. ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன். பெரும்பாலும் தானாக மேலே போய்விடுமாம். பெரும்பாலும்.

மே 30

மாடிகளில் எதையும் தொடவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பால். ரொட்டி, பால், வேகவைத்த உருளைக்கிழங்கு.

ஜூன் 4

சண்டை. நல்ல சண்டை.

தட்டைத் தள்ளினாள். "பத்து நாளா நீ பயத்தைத்தான் சமைச்சுப் போடறே. உப்பே இல்ல அதுல."

"டாக்டர் சொன்னாங்க—"

"டாக்டர் என்னைப் படுக்கத்தான் சொன்னாங்க. பட்டினி போடச் சொல்லல. பயம் எனக்கு இல்லையா? உள்ள இருக்கிறது என் வயித்துக்குள்ள. நான் பயந்துக்கிட்டே சாப்பிடறேன்ல? நீ பயந்துக்கிட்டே சமை."

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பிறகு எங்கள் பால்கனியில் ஜாடி ஜாடியாக நான் பதியம் போட்டிருந்த புதினாவைக் கிள்ளி, ஆறு தண்ணியில் கழுவி, பட்டாணி சேர்த்து ஒரு சூப்.

படுத்தபடியே குடித்தாள். "இது" என்றாள். அவ்வளவுதான். இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

ஜூன் 19

மழை! பெயிண்ட் வாளி, உடைந்த ஹெல்மெட், அக்கா தூக்கிப்போடச் சொன்ன குக்கர் — எதில் எல்லாம் மண் தங்குமோ அதில் எல்லாம் விதை போட்டிருக்கிறேன். அவள் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டோம். அங்கிருந்து டிராபிக் கன்ட்ரோல்.

"அந்த பீன்ஸ் லெஃப்ட்ல சாயுது பாரு."

"பாத்துட்டேன்."

"பாக்கல. ரைட்ல பாத்துட்டு இருக்கே."

ஜூலை 17

ஜவுளிக்கடை மாடி. மழைநீர்க் குழாய் வாயில், யாரும் நடாத தக்காளிச் செடி ஒன்று. யார் சாண்ட்விச்சிலிருந்து தப்பி வந்த விதையோ! பதினான்கு பழம். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. கடைக்காரரிடம் கேட்டுப் பறித்தேன். தன் கூரையில் தக்காளி காய்ப்பது அவருக்கே தெரியவில்லை. நான்கு அவருக்கு, இரண்டு ஸ்பானர் அண்ணனுக்கு, எட்டு எங்களுக்கு.

ஒன்றும் செய்யவில்லை. வெட்டினோம், உப்புத் தூவினோம், ரொட்டியால் சாற்றைத் துடைத்துத் தின்றோம். அவள் முழங்கை வரை ஒழுகிற்று. "இதுக்குப் பேரு சமையலா?" என்றாள். "தலைமைச் சமையல்காரரைக் கேளுங்க" என்றேன். தலையணையால் அடித்தாள்.

பிறகு என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். ஒரு உதை. இந்த முறை என் கைக்கே. நேராக, பட்டென்று. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

ஆகஸ்ட் 20

ஸ்கேன்.

மேலே போய்விட்டது! நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது!

டாக்டரம்மா திரையைக் காட்டி விளக்கினார்: கர்ப்பப்பை வளர வளர அதுவும் கூடவே மேலே தள்ளிப்போகுமாம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பதினாறு வருட சர்வீஸில், யாரும் பட்டன் அழுத்தாமல், கயிறு இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல் மேலே போனதை நான் பார்த்ததே இல்லை. இதை அவரிடம் சொல்லியும் விட்டேன். டாக்டரம்மா சிரித்ததை இன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். டிரைவரம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்கய்யா அவங்களை" என்று நர்ஸ் அதட்டினார்.

நடக்கலாம்! வீட்டுப் படியை மெதுவாக ஏறலாம்! ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். முப்பது அடிதான் இருக்கும். இருவரும் ஊர்வலம் போகிற மாதிரி நடந்தோம்.

வீட்டில் பீன்ஸ் காய்த்துத் தொங்குகிறது. அக்கா வந்து பூண்டோடு வதக்கினாள், நான் வெறும் எடுபிடி. சட்டியோடு மூன்று பேரும் பால்கனியில் உட்கார்ந்து கையாலேயே தின்றோம்.

செப்டம்பர் 27

பை தயார். பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்து பார்க்கிறேன். "அதுவும் லிஃப்ட் மாதிரிதான், சும்மா சும்மா திறந்து மூடினா ரிப்பேர் ஆயிடும்" என்கிறாள்.

அக்டோபர் 9

இன்று அவளே சமைத்தாள். கால் வீங்கி, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, மேஜை மேல் அடுப்பை வைத்து. பால்கனியின் கடைசிக் கத்தரிக்காய் ஏழு. நெருப்பில் வாட்டி, தோலுரித்து, எண்ணெயும் உப்பும் விட்டு மசித்து. என்னை அடுப்புப் பக்கம் விடவே இல்லை. ஏழு மாதமாக நான் வைத்ததையெல்லாம் வாய் திறந்து குறை சொல்லாமல் — சரி, குறை சொல்லிக்கொண்டே — சாப்பிட்டவள். ஒரு வாய் வைத்ததும்தான் தெரிந்தது, இவ்வளவு நாளாக நான் எவ்வளவு மோசமாகச் சமைத்திருக்கிறேன் என்று.

அக்டோபர் 12

பெண். காலை பத்து மணி நாற்பது. இரண்டு கிலோ எழுநூறு. இரண்டு பேரும் நலம். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 13

ஆறு மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை. எங்கே நேரம்!

நேற்றோடு மகளுக்கு ஆறு மாதம். அம்மாக்காரி போன வாரத்திலிருந்து மறுபடி பஸ் ஓட்டுகிறாள், காலை ஷிஃப்ட். இன்று எனக்கு விடுப்பு. டாக்டரம்மா திட உணவு ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

குளிர் நாளில் டிரம்மில் விதைத்த கேரட்டைப் பிடுங்கினேன். ஒன்றுக்கு இரண்டு கால் முளைத்து, பேன்ட் போட்ட மாதிரி இருந்தது. மகளிடம் காட்டினேன். அவளுக்கு அதில் சிரிப்பு எதுவும் தெரியவில்லை. தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, உப்பில்லாமல், கட்டியில்லாமல் மசித்தேன். மடியில் வைத்துக்கொண்டு முதல் கரண்டி.

புருவம் இரண்டும் ஏறின. இந்த ஆளை நம்பலாமா என்பது போல என்னை ஒரு பார்வை. பாதியைத் துப்பினாள். மீதி உள்ளே போயிற்று. எங்கே போயிற்று என்று அவளே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

டெர்மினஸிலிருந்து போன் வந்தது, பின்னால் இஞ்சின் இரைச்சல்.

"சாப்பிட்டாளா?"

"ஒரு கரண்டி."

"துப்பினாளா?"

"பாதி."

"நீ என்ன சட்டை போட்டிருக்கே?"

"வெள்ளை."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சிரிப்பில் கண்டக்டர் ஏதோ கேட்பதும் கேட்டது. "வண்டி எடுக்கணும், வெச்சுடறேன். முழுக்கச் சாப்பிட வெச்சுடு" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, கரண்டியைத் தன் பக்கம் இழுத்து, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.